சுரண்டல்: ஒரு சொல்லும் நம் சமையலறையும்

மேடைகளில் அடிக்கடி முழங்கும் சொற்களுள் 'சுரண்டல்' ஒன்று. மே முதல் நாள் ஊர்வலங்களில் அதைக் கேட்கிறோம். செய்தித்தாளைப் பிரித்தால் உழைப்புச் சுரண்டல், பாலியல் சுரண்டல், இயற்கை வளச் சுரண்டல் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படுகிறது. இத்தனை முறை கேட்டும், ஞாயிறு திருப்பலிக்கு வரும் நம்மில் பலருக்கு இந்தச் சொல் வேறு யாரையோ பற்றியதாகவே படுகிறது. சுரண்டுபவர் பண்ணையார், ஆலை முதலாளி, கந்துவட்டிக்காரர், வெளிநாட்டு நிறுவனம். நாம் மாதச் சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வரி கட்டி வாழ்பவர்கள். நமக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன தொடர்பு?

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சுரண்டு' என்பது வீட்டுக்குள் பிறந்த சொல். பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டுகிறோம். சுவரில் உரியும் சுண்ணாம்பைச் சுரண்டுகிறோம். ஒரே வீச்சில் அள்ளுவது சுரண்டல் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக, மேலாக, திரும்பத் திரும்பத் தேய்த்து எடுப்பதே சுரண்டல். 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்யும் வரை நம் தெருமுனைகளில் 'சுரண்டல் லாட்டரி' விற்றது பலருக்கு நினைவிருக்கும். அட்டையில் பூசியிருந்த பூச்சை நாணயத்தால் சுரண்டிப் பார்ப்பதால் அந்தப் பெயர். ஆனால் அன்றாடக் கூலியில் பாதியை அந்தக் கடையில் விட்டுவிட்டு வீடு திரும்பியவர்களின் மனைவியர், அந்தப் பெயரின் இன்னொரு பொருளை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'எக்ஸ்பிளாய்டேஷன்' என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. நிலத்தையோ சுரங்கத்தையோ பயன்படுத்திப் பலன் பெறுவது என்பதே அங்கே அதன் பழைய பொருள். அதில் குற்றம் ஏதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான், மனிதன் மனிதனைச் சுரங்கம்போலப் பயன்படுத்துவதைக் கண்டிக்கும் சொல்லாக அது மாறியது. நம் தமிழ்ச் சொல்லுக்கோ அப்படிப்பட்ட நல்ல பொருள் எதுவும் இருந்ததில்லை. 'வளங்களைப் பயன்படுத்தினார்' என்றால் பாராட்டு, 'வளங்களைச் சுரண்டினார்' என்றால் வசை. இந்த விஷயத்தில் தமிழ் நேர்மையாகவே இருக்கிறது.

திருட்டுக்கும் சுரண்டலுக்கும் வேறுபாடு உண்டு. திருட்டில் பறிகொடுப்பவரின் சம்மதம் இல்லை. ஏமாற்றுவதில் சம்மதம் உண்டு, ஆனால் அது பொய்யால் பெற்ற சம்மதம். சுரண்டலிலோ பொய்கூட வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தே, 'சரி' என்று தலையாட்டியே, ஒருவர் சுரண்டப்படலாம். அவருக்கு வேறு வழி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்; அந்த 'வேறு வழி இல்லை' என்பதிலிருந்துதான் ஒருவர் ஆதாயம் எடுக்கிறார். கடினமான வேலை எல்லாமே சுரண்டல் ஆகாது. நடவு நடுவதும் கல் உடைப்பதும் கடினமான வேலைகளே. அவற்றுக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்கலாம். மாறாக, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்யும் வேலையிலும் சுரண்டல் நடக்கலாம். ஒருவர் எவ்வளவு வியர்வை சிந்தினார் என்பதைவிட, அவருடைய நெருக்கடி யாருடைய பையை நிரப்பியது என்று கேட்பதே சரி.

இந்தச் சொல் நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. அடிப்படை உரிமைகளில் ஒன்று 'சுரண்டலுக்கு எதிரான உரிமை'. 23, 24 ஆகிய இரண்டு பிரிவுகள் அதைச் சொல்கின்றன. 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும், 'பேகார்' எனப்படும் கூலியில்லாக் கட்டாய வேலையையும், அதுபோன்ற பிற கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 24ஆம் பிரிவு 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலை, சுரங்கம், ஆபத்தான வேலைகளில் அமர்த்துவதைத் தடுக்கிறது. 'பேகார்' வடநாட்டுச் சொல்தான். ஆனால் நமக்கும் ஒரு சொல் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊருக்கும் அரசுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். இன்று பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். செய்தவருக்குப் பயன் தராத வேலை என்ற பழைய வேதனை அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டாயம் என்றால் என்ன? சங்கிலியா, சாட்டையா? இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டில் சொன்ன விடையை ஒவ்வொரு கிறிஸ்தவரும் அறிந்திருப்பது நல்லது. அந்த ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டு வந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு உரிய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர்கள் அதைத் தொழிலாளரிடம் நேரடியாகக் கொடுக்காமல், ஆள் கொண்டுவந்த ஜமேதார்களிடம் (நம் ஊர்க் கணக்கில் மேஸ்திரிகள்) கொடுத்தார்கள். ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். பெண்களுக்குக் கிடைத்தது 7 ரூபாய். ஒரு மனித உரிமை அமைப்பு நீதிபதி பி.என். பகவதிக்கு எழுதிய கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது.

'அவர்கள் விருப்பப்பட்டுத்தானே வேலைக்கு வந்தார்கள், யாரும் கட்டி இழுத்து வரவில்லையே' என்று எவரும் கேட்கலாம். அந்தக் கேள்வியை நீதிமன்றம் நேராகவே எதிர்கொண்டது. பசியும் வறுமையும்கூட ஒரு மனிதரைக் கட்டாயப்படுத்துகின்றன. வேறு வழியின்றிச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவான கூலிக்கு ஒருவர் உழைத்தால், அது 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். பானையின் அடியைச் சுரண்டுவது என்றால் இதுதான்.

இதே கருத்தைத் திருச்சபை அதற்கு 91 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், முதலாளியும் தொழிலாளியும் தடையின்றி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கும் மேலான, அதற்கும் முந்திய ஓர் இயற்கை நீதி உண்டு என்கிறார். உழைப்பவர் சிக்கனமாக வாழப் போதுமான கூலியாவது அவருக்குக் கிடைக்க வேண்டும். தேவையாலோ, இதைவிடக் கேடு வந்துவிடும் என்ற அச்சத்தாலோ அதற்கும் குறைவாக அவர் ஒப்புக்கொண்டால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2434) அதையே வலியுறுத்துகிறது: இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதால் மட்டும் ஒரு கூலி நீதியானதாகிவிடாது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை, 'லியோ' என்ற பெயரைத் தாம் ஏன் தெரிந்துகொண்டார் என்று கர்தினால்களிடம் விளக்கியபோது குறிப்பிட்டதும் இந்தச் சுற்றுமடலைத்தான்.

தில்லியும் உரோமையும் இருக்கட்டும், நம் ஆழ்வார்பேட்டைக்கு வருவோம். டி.டி.கே. சாலையிலும் சி.பி. இராமசாமி சாலையிலும் எல்டாம்ஸ் சாலையிலும் காலை ஆறரை மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கும் பெண்களைப் பாருங்கள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மதிய உணவு, பழைய புடவை ஒன்று. அடுக்ககத்தின் வாயிற்காவலரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். இவர்களில் பலர் முன்பு இங்கேயே, நடந்து வரும் தொலைவில் குடியிருந்தவர்கள். 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகரும், அதன்பின் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் உருவானபோது, ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் குடிசைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. வீடு அங்கே போயிற்று, வேலை இங்கேயே தங்கிவிட்டது. 2021இல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது இந்தப் பெண்களுக்குப் பெரிய மூச்சு கிடைத்தது. ஆனால் போகவும் வரவும் ஆகும் இரண்டு, மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது.

நம் பகுதியில் 'மேல்வேலை' என்பதற்கு ஒவ்வொன்றாகக் கணக்கு உண்டு. பாத்திரம் துலக்க இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு. முதல் மாதம் பேசிய பேச்சு அதுதான். பிறகு மகள் பிரசவத்துக்கு வருகிறாள்; பாத்திரம் இரண்டு மடங்கு ஆகிறது. 'கொஞ்சம் அந்தப் பால்கனியையும் கழுவி விட்டுடும்மா' என்கிறோம். கீரையை ஆய்ந்து கொடுக்கச் சொல்கிறோம். இவை எதுவும் பெரிய கொடுமை அல்ல. எந்த நாளிலும் அந்த வீட்டுக்காரர் தாம் யாரையும் வஞ்சித்ததாக உணர மாட்டார். ஆனால் ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால், பேசாத வேலையில் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குச் சுரண்டி எடுத்திருப்போம்.

விடுப்பு விஷயம் இன்னும் தெளிவானது. அந்தப் பெண் மூன்று நாள் காய்ச்சலில் வரவில்லை என்றால் சம்பளத்தில் பிடிக்கிறோம். நாம் இரண்டு மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போனால், 'வேலைதான் இல்லையே' என்று அந்த இரண்டு மாதச் சம்பளத்தையும் பிடிக்கிறோம். அவர் வராதபோதும் நட்டம் அவருக்கு, நாம் இல்லாதபோதும் நட்டம் அவருக்கு. நம் அலுவலகத்தில் இப்படி ஒரு விதியைச் சொன்னால் நாம் தொழிற்சங்கத்தைக் கூட்டிவிடுவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமானது. வேலைக்கு வர முடியாத மாதங்களிலும் சம்பளத்தை அனுப்பிய வீடுகள் உண்டு, தொலைபேசியைக்கூட எடுக்காத வீடுகளும் உண்டு. இரண்டு வகை வீடுகளிலும் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருந்தது.

ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்பார்கள். கொடுப்பது நல்ல காரியமே. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் அது தடுக்கிறது. ஆனால் முன்பணம் வாங்கியவரால் 'முடியாது' என்று சொல்ல முடிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் குடும்பம் குடும்பமாக மக்களைக் கட்டிப்போட்டதும் இந்த முன்பணம்தான். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே செல்லாது என்று அறிவித்தது. நம் வீட்டு ஐயாயிரம் ரூபாயையும் சூளையின் முன்பணத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனாலும், கடன் தீரும் வரை வேறு வீட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையை நாம் வாய்திறந்து சொல்லாமலே விதித்துவிட்டோமா என்று பார்ப்பதில் தவறில்லை.

'அவளுக்கு நாங்கள் எவ்வளவோ செய்கிறோம்' என்ற பதிலை எல்லோரும் கேட்டிருக்கிறோம். புடவை கொடுத்தோம், மீந்த சாப்பாடு தினமும் தருகிறோம், மகனின் பழைய புத்தகங்களைக் கொடுத்தோம், கிறிஸ்துமசுக்குக் கேக் கொடுத்தோம். இவை உண்மையான அன்பிலிருந்து வருவதை மறுக்க வேண்டாம். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் (எண் 8) ஓர் எச்சரிக்கை இருக்கிறது: நீதியின்படி கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட வேண்டும், நீதியால் ஏற்கெனவே கடன்பட்டிருப்பதை அன்பின் கொடையாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆயிரம் ரூபாய்ப் புடவை கொடுப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் புடவைக்கு அவர் நன்றி சொல்வார். சம்பளத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

விவிலியம் இந்த விஷயத்தில் நம்மைவிட வெளிப்படையாகப் பேசுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் (24:14-15) கட்டளையிடுகிறது. அவர் உங்கள் இனத்தவரா, அயல்நாட்டவரா என்று பார்க்கக் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. வடமாநிலங்களிலிருந்து வந்து நம் கட்டடங்களைக் கட்டுபவர்களை நினைத்துக்கொண்டு அந்த வரிகளை வாசிக்கலாம். தன் அயலாரிடம் ஊதியமின்றி வேலை வாங்கி அகன்ற மாளிகை கட்டும் அரசனை எரேமியா (22:13) சாடுகிறார். நோன்பு இருக்கும் நாளிலேயே வேலையாள்களை ஒடுக்குகிறவர்களின் நோன்பை ஆண்டவர் ஏற்பதில்லை என்கிறார் எசாயா (58:3). சீராக்கின் ஞான நூலோ, கூலியாளின் கூலியைப் பறிப்பதை இரத்தம் சிந்துவதோடு ஒப்பிடுகிறது (34:22). இவற்றின் தொடர்ச்சியாகவே யாக்கோபு தம் திருமுகத்தில் (5:4), பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதினார். வேலையாள் அல்ல, கூலியே கூக்குரலிடுகிறது. வேலையாள் வாய்திறக்க அஞ்சுவார் என்பதை யாக்கோபு அறிந்திருந்தார் போலும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016 மே 19 அன்று காலைத் திருப்பலியில் இந்த வாசகத்தைத்தான் விளக்கினார். நாளொன்றுக்கு 11 மணி நேர வேலை, மாதம் 650 யூரோ, கணக்கில் வராத சம்பளம், பிடிக்காவிட்டால் போகலாம், பின்னால் வரிசை நிற்கிறது என்று சொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் கதையை அவர் எடுத்துரைத்தார். அப்படி வேலை வாங்குகிறவர்களை இரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்கு ஒப்பிட்டார். 'பின்னால் வரிசை நிற்கிறது' என்ற வாதம் நம் ஊரிலும் பழக்கமானதுதான். 'இந்தச் சம்பளத்துக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள்' என்கிறோம்.

ஆனால் இந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் வீசுவதும் சரியல்ல. மாத ஓய்வூதியத்தில் மருந்தும் வாடகையும் போக எஞ்சியதில், ஒருவரை ஒரு மணி நேரம் உதவிக்கு வைத்துக்கொள்ளும் தனித்த மூதாட்டியைச் சுரண்டுபவர் என்று சொல்வது கொடுமை. அங்கே இரண்டு வறுமைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. கொடுக்க முடியாதவருக்கும், கொடுக்க முடிந்தும் கொடுக்காதவருக்கும் இடையே உள்ள தொலைவு பெரியது. வேலை செய்பவர் ஏமாற்றுவதும் உண்டு, சொல்லாமல் நின்றுவிடுவதும் உண்டு. அவற்றுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. சுரண்டல் என்ற சொல், வலிமை உள்ள பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்தை நோக்கிச் செய்யப்படுவதற்கு மட்டுமே உரியது.

அந்த வலிமை சில வேளைகளில் நம் திருச்சபையின் கையிலும் இருக்கிறது. கோவிலைப் பெருக்குபவர், பங்கு இல்லத்தில் சமைப்பவர், உபதேசியார், நம் பள்ளிகளின் ஆயாக்கள், ஒப்பந்த ஆசிரியர்கள் ஆகியோர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்? 'கடவுளின் வேலை' என்று சொல்லிக் குறைத்துக் கொடுப்பதற்கு நமக்கு எந்தச் சலுகையும் இல்லை. 1971இல் உரோமையில் கூடிய ஆயர்கள் மாமன்றம் 'உலகில் நீதி' என்ற ஏட்டில் இதைத் தெளிவாகவே சொன்னது: நீதியைப் பற்றிப் பிறரிடம் பேசத் துணிபவர் முதலில் அவர்கள் கண்முன் நீதியுள்ளவராக இருக்க வேண்டும்; திருச்சபைக்காக உழைப்பவர்களுக்குப் போதுமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும்.

இதைச் செயலில் காட்டியவர்களும் நம்மிடையே உண்டு. பெல்ஜியத்திலிருந்து வந்த அருள்சகோதரி ஜீன் டெவோஸ் 1985இல் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். வீட்டுக்குள் தனித்தனியாக அடைபட்டு வேலை செய்யும் பெண்களைத் தொழிலாளர்கள் என்று அழைக்க வைத்ததே அந்த இயக்கத்தின் முதல் வெற்றி. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைந்தது. 2011 சூன் 16 அன்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அதில் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் வாக்களிப்பது வேறு, உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்வது வேறு. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் அது பெரும்பாலும் ஞாயிறாக இருக்கும். ஆழ்வார்பேட்டையில் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நாம் வீடு திரும்பும்போது, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவரும் கத்தோலிக்கராக இருக்கலாம். அவர் எந்தத் திருப்பலிக்குப் போனார் என்று கேட்டுப் பார்க்கலாம்.